ஆறுதல் துறைக்கு ஒரு மாலை

எழுந்திருக்க வேண்டாம் அம்மா. உட்காருங்கள். நான் வந்து அமர்ந்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த ஊர் மக்களுக்கு மரியாதை குறைவதில்லை. அதோ பாருங்கள், அந்தக் கோடியில் இருந்த இருவர் பையைக்கூட மறந்துவிட்டுப் படியிறங்கி ஓடுகிறார்கள். எனக்கு இடம் விடுகிறார்களாம். ஒருத்தி அமர எவ்வளவு இடம் வேண்டும்?

யாருக்கோ போன் பேச வேண்டுமா? தாராளமாகப் பேசுங்கள். நான் காத்திருப்பேன். காத்திருப்பதும் கேட்பதும்தான் எங்கள் தொழில்.

பேசிவிட்டீர்களா? ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கில்லை. நீங்கள்தான் உரக்கப் பேசினீர்கள். "அண்ணா, அந்த வெள்ளச்சீலக்காரம்மா எம்பக்கத்துல வந்து உக்காந்துருச்சுங்ணா, எல்லாரும் வெரசா வாங்ணா" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குமேல் அவரும் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. இந்த ஈரோட்டு வட்டாரத்தில் என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சேலையைச் சொன்னால் போதும் என்ற நிலை வந்துவிட்டதை எண்ணும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் முறைப்படி சொல்லிவிடுகிறேன். என் பெயர் சௌந்தரவல்லி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவள். இப்போது இந்த மருத்துவமனையின் ஆன்மிக ஆதரவுத் துறைக்குத் தலைவர். துறையில் இருப்பது நான் ஒருத்திதான். ஆயினும் ஒரு துறை என்றால் அதற்குத் தலைவர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும் அல்லவா?

என்ன கேட்டீர்கள்? சற்று உரக்கச் சொல்லுங்கள். டாக்டர் என்னை அனுப்பினாரா என்றா? இல்லை அம்மா. எங்களை யாரும் அனுப்ப வேண்டியதில்லை. எங்கே தேவை என்று எங்களுக்கே தெரிந்துவிடும்; நாங்களே போய்விடுவோம்.

அழுகை வருகிறதா? அழுங்கள், அடக்காதீர்கள். நான் பக்கத்தில் அமர்ந்த மாத்திரத்தில் கண்ணீர் வந்துவிடுவது வழக்கம்தான். ஓய்வுபெற்ற பின் நான் சேர்ந்த ஆன்மிக ஆதரவுப் பயிற்சியில் எங்கள் பேராசிரியர் ஒரு முறை சொன்னார்: நோயாளியின் உறவினர் மனம்விட்டு அழுவதற்குச் சாதாரணமாக நாலைந்து சந்திப்புகள் தேவைப்படும் என்று. எனக்கு ஒரு சந்திப்புகூடத் தேவைப்படுவதில்லை. வாசலில் தலை தெரிந்தால் போதும். இதைத்தான் 'உடனிருத்தலின் ஆற்றல்' என்று பாடத்தில் படித்தோம். படித்தவர்கள் பலர், கைவரப் பெற்றவர்கள் சிலர்.

உள்ளே இருப்பவர் உங்கள் கணவர்தானே? பித்தப்பையில் கல்லா? சரி, சரி, சொல்லுங்கள், நான் குறுக்கிடவில்லை. மற்றவர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பதற்கென்றே எங்களுக்கு ஒரு வாரம் தனியாகப் பயிற்சி இருந்தது. அந்த வாரத்தில் நான்தான் முதலாவதாக வந்தேன். தேர்வு வைத்த அம்மையாரே, "இதற்குமேல் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, என்னைச் சொல்லவும் நீங்கள் விடப்போவதில்லை" என்று பாராட்டினார்.

அதிருக்கட்டும். நான் ஏன் இந்த நேரத்தில் இந்த மாடியில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர்; அந்தப் பக்கம், எதிரே மூடியிருக்கிறதே ஒரு தேக்குக் கதவு, அது ஆட்சிக்குழு கூடும் அறை. இந்த மருத்துவமனையை நடத்துகிற அறக்கட்டளைக்காரர்கள் எல்லாரும் இப்போது அதற்குள்ளேதான் இருக்கிறார்கள். தேநீரும் முறுக்கும் உள்ளே போய்விட்டன. அவர்கள் பேசிக்கொண்டிருப்பது என்னைப் பற்றி. ஆன்மிக ஆதரவுத் துறை இருக்க வேண்டுமா, எடுத்துவிட வேண்டுமா என்று இன்று முடிவு செய்கிறார்கள். கூப்பிடும்போது நான் உள்ளே போய் விளக்கம் தர வேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன்? உங்களைப் பார்த்தேன், தனியாக இருந்தீர்கள், வந்து அமர்ந்துவிட்டேன்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேனே என்று பார்க்காதீர்கள். அது ஏசிக் குளிர்.

உண்மையைச் சொல்லட்டுமா? இந்தத் துறை போய்விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் நான் ஒருத்தி. பேசுவதற்குச் சுவர்தான். ஆகவே துறை எனக்குத் தேவை என்று எண்ணிவிடாதீர்கள்; துறைக்குத்தான் நான் தேவை. அதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

முதலிலிருந்து சொல்கிறேன். கேளுங்கள்.

மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற குழு ஒன்று உண்டு. அவர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இங்கே எல்லாம் தலைகீழாக நடந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பூனைகளைப் பிடித்து வெளியூரில் விட்டார்கள். அப்போது யாரோ டாக்டர் இளம்பரிதியிடம், அவர்தான் எங்கள் மருத்துவ இயக்குநர், "நோயாளியின் மனத்துக்கும் ஆன்மாவுக்கும் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஆன்மாவுக்கு இங்கே என்ன ஏற்பாடு இருந்தது? கேண்டீனுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார், அவ்வளவுதான். டாக்டருடைய தங்கை என் மாணவி. நான் அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். மறுநாளே கார் வந்தது.

வந்ததும் முதலில் ஒரு பிரார்த்தனை அறை கேட்டேன். ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்த அறையைக் காலிசெய்து கொடுத்தார்கள். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான அறை என்பதால் எந்தச் சமயத்தின் அடையாளமும் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். படம் இல்லை, விளக்கு இல்லை, சிலுவை இல்லை, பாய்கூட இல்லை. நான்கு வெள்ளைச் சுவர்கள். மக்கள் எட்டிப்பார்த்துவிட்டு, "சாமி எங்கீங்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். போகட்டும். பொதுமை என்பது மெல்லத்தான் பழகும். கோயில் குருக்கள் ஒருவர், சர்ச்சிலிருந்து ஒரு பாஸ்டர், பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவர், மூன்று பேரும் வாரம் ஒரு நாள் வந்து நோயாளிகளைப் பார்க்கிறோம் என்றார்கள். நேரில் அழைத்துப் பேசிப் பார்த்தேன். மூவரும் அதிகம் பேசுபவர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் இந்தச் சேலையைத் தேர்ந்தெடுத்தேன். டாக்டருக்கு வெள்ளை அங்கி இருக்கிறது, செவிலியருக்குச் சீருடை இருக்கிறது. ஆன்மாவைக் கவனிப்பவருக்கு ஓர் அடையாளம் வேண்டாமா? கரை இல்லாத தூய வெள்ளைப் பருத்தி. கையில் எப்போதும் இந்தச் சிறிய பித்தளைச் செம்பு. இதில் துளசித் தீர்த்தம். நோயாளிக்கு நா வறண்டிருக்கும் பாருங்கள், டாக்டர் தண்ணீர் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் ஒரு கரண்டி வார்ப்பேன். நானாக வார்ப்பதைவிட உறவினரை ஒவ்வொருவராக அழைத்து வார்க்கச் சொல்வேன். குடும்பம் ஒன்றுகூடும் அல்லவா? பிறகு கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து, நோயாளியின் பாதத்தை மெல்லத் தொட்டு, இரண்டே கேள்விகள் கேட்பேன். நானே வகுத்துக்கொண்ட கேள்விகள். ஒன்று: "உங்கள் மனத்தில் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது ஏதேனும் உண்டா?" மற்றொன்று: "யாரையாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களா?"

ஏனம்மா முகத்தை மூடிக்கொள்கிறீர்கள்? உங்களிடம் கேட்கவில்லை. விளக்கத்துக்காகச் சொன்னேன்.

இந்த இரண்டு கேள்விகளும் வார்டுகளில் செய்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரே மாதத்தில் என் பெயர் எல்லா மாடிக்கும் பரவிவிட்டது. ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிற நோயாளியிடம் சிஸ்டர் ஃபிலோமினா, "போட்டுக்கிறீங்களா, இல்ல மேடத்தை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்பாராம், உடனே கையை நீட்டிவிடுவார்களாம். ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? வார்டில் பார்வையாளர் கூட்டம் மிகுந்துவிட்டால் காவலாளி இப்போதெல்லாம் விசில் ஊதுவதில்லை; என்னைத்தான் வந்து அழைக்கிறார். நான் வாயிலில் நின்றால் போதும், ஐந்து நிமிடத்தில் வார்டு வெறிச்சோடிவிடும். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. சிலர் நோயாளியையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேறு மருத்துவமனைக்கு என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த அளவுக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த துறையில்தான் மாசி மாதம் சென்னியப்பன் வந்து சேர்ந்தார்.

சென்னிமலைக்காரர். சொந்தமாகத் தறிப்பட்டறை. பெட்ஷீட் வியாபாரம். நல்ல திடகாத்திரமான மனிதர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து, மறுநாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி பாவாயி அம்மாள் பக்கத்தில் அமர்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனேன். செம்பை மேசையில் வைத்தேன். கால்மாட்டில் அமர்ந்து பாதத்தைத் தொட்டேன்.

மனிதர் என்னைப் பார்த்தார்; செம்பைப் பார்த்தார்; சேலையைப் பார்த்தார். "ஏனுங் டீச்சர், டாக்டரு எதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டார்.

"டாக்டர் சொல்வது உடம்பைப் பற்றி. நான் வந்திருப்பது அதற்கு அப்பாற்பட்டதைப் பற்றி" என்றேன்.

பாவாயி அம்மாள் கையிலிருந்த சாத்துக்குடி உருண்டு போனது. "அட என்ற சாமீ! காத்தால கூட நல்லாத்தானுங் பேசிட்டிருந்தாரு!" என்று அவர் எழுப்பிய குரல் இருக்கிறதே, அன்பு என்றால் அதுதான் அன்பு. நான் அமைதியாக முதல் கேள்வியைக் கேட்டேன். சென்னியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, அவசரப்படுத்தக் கூடாது என்று இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். "எல்லாத்தயும் வரச் சொல்லுங்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

மாலைக்குள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மகள்கள் இருவர், மருமகன்கள் இருவர், பங்காளிகள், பட்டறை ஆட்கள். மகள்கள் படியேறும்போதே தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்தார்கள், பயணக் களைப்பு. ஒருவர் கையில் கூடை நிறைய ரோஜா மாலைகள். எனக்கு உள்ளம் நெகிழ்ந்துவிட்டது. உடல்நலம் தேறுகிற ஒருவருக்கு மாலை வாங்கி வருகிற பண்பு இன்னும் கிராமத்தில்தான் இருக்கிறது. நான் பணி ஓய்வு பெற்ற நாளில் என் பள்ளியில் எனக்கு ஒரு துண்டுதான் போர்த்தினார்கள். மாலை வாங்கியிருந்தார்கள், ஆனால் அது சிறப்பு விருந்தினராக வந்த கல்வி அதிகாரிக்கு. மீதி இல்லை. நான் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

எல்லாரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தினேன். பெரிய மருமகனிடம் கரண்டியைக் கொடுத்து, "ஒவ்வொருவராக வாருங்கள்" என்றேன். அவர் ஒரு கரண்டி வார்த்தார். சின்ன மருமகன் வார்த்தார். பேரப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்து வார்க்கவைத்தார்கள். சென்னியப்பனுக்கு விழுங்கி விழுங்கிப் புரையேறியது. அதற்குப் பிறகுதான் அவர் கை எடுத்துக் கும்பிட்டு, என் முதல் கேள்விக்குப் பதில் சொன்னார்.

"பாவாயி, எம்மேல ஆணையா என்னையத் திட்டக் கூடாது. பவானில ஒருத்தி இருக்கறா. கோமதின்னு பேரு. ஒரு பொண்ணும் இருக்குது, பத்தாவது படிக்குது. எனக்கப்பறம் அதுகளத் தெருவுல உட்றாதீங்க."

பாவாயி அம்மாளுடைய அழுகை நின்றுவிட்டது. பார்த்தீர்களா, உண்மை வெளிப்பட்டதும் துக்கம் எப்படி அடங்குகிறது என்று!  அந்த அம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "எத்தன வருசமா?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து வார்டு டாக்டர் வந்தார். சின்னப் பையன், நேரம் காலம் தெரியாது. "என்னங்க இவ்வளோ கூட்டம்? யாருக்கு என்ன ஆச்சு? இவரை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றோம். நல்லா இருக்காரு. படி ஏறலாம், வண்டி ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டார்.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் இன்றைக்கும் மறக்காத பார்வை அது. நன்றி என்றே நினைக்கிறேன். "டீச்சர், நெசமாலுமே நாளைக்கு ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் பாவாயி அம்மாள், "எந்த ஊட்டுக்குங்?" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் அவரை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. பையை வைத்துக்கொண்டு வாசலில் பஸ் நிறுத்தத்துக்கும் ஆட்டோ நிறுத்தத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பவானிக்குப் போயிருக்கிறார், அங்கே அந்தக் கோமதி அம்மாள், "சாவப்போறம்னு தெரிஞ்சாத்தான் எம்பேரு வாயில வருமா?" என்று கதவைச் சாத்திவிட்டாராம். ஆக, மனிதர் எல்லாத் தளைகளிலிருந்தும் விடுபட்டுவிட்டார். இப்போது பட்டறையிலேயே, பெட்ஷீட் கட்டுகளுக்கு நடுவில் தூங்குகிறாராம். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த விடுதலை? ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டறை ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, டாக்டர் இளம்பரிதியின் அறைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் குடலெறக்கத்துக்குத்தான வந்தேன்? என்னைய எதுக்குங் சாகடிச்சீங்க?" என்று கேட்டார். மாடி முழுக்கக் கேட்டது.

டாக்டர் என்னை அழைத்தார். உட்காரச் சொன்னார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பார்த்தா ஜனங்க பயப்படறாங்க."

"பயபக்தி இருக்கத்தான் செய்யும், டாக்டர். நான் வகுப்புக்குள் நுழையும்போதும் இப்படித்தான்."

"அது இல்லம்மா. நீங்க போய்ப் பக்கத்துல உக்காந்தாலே, கைவிட்டுட்டாங்க, இனிமே ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிடறாங்க. வெள்ளைச் சேலை, சொம்பு, கரண்டில தண்ணி... நம்ம ஊர்ல இதெல்லாம் எதுக்குப் பண்ணுவாங்க, உங்களுக்கே தெரியும்ல?"

"மக்கள் ஒரு செயலைத் தவறாகப் புரிந்துகொண்டால் மக்களைத் திருத்த வேண்டும். செயலை அல்ல" என்றேன்.

 அவர் மிகவும் பணிவாக மூன்று கோரிக்கைகள் வைத்தார். ஒரு கலர் சேலை கட்டிக்கொள்ள முடியுமா? செம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வர முடியுமா? அந்த இரண்டு கேள்விகளுக்குப் பதிலாக, "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்று கேட்க முடியுமா? சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு ஒரு துறை எதற்கு அம்மா? அதை மாமியார் கேட்பார், எதிர்க்கட்டில்காரர் கேட்பார். நான் மறுத்துவிட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகுதான் விஷயம் ஆட்சிக்குழுவுக்குப் போனது. எல்லாம் பொறாமை. மருந்தும் கத்தியும் செய்யாததை வெறுங்கையால் ஒருத்தி செய்கிறாளே என்ற பொறாமை. டாக்டர்கள் வரும்போது நோயாளிகள் படுத்தே இருக்கிறார்கள். நான் வரும்போது எழுந்து உட்காருகிறார்கள். இது அவர்களுக்கு உறுத்தாதா?

என்னவோ சொல்ல வாயெடுத்தீர்கள். சொல்லுங்கள். "என்ற ஊட்டுக்காரரு..." சரி. "...பொழச்சுக்குவாருங்களா?" என்றா கேட்கிறீர்கள்? அம்மா, அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லக் கூடாது. நம்பிக்கையும் தரக் கூடாது, நம்பிக்கையின்மையும் தரக் கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, மௌனமாக இருக்க வேண்டும். இதோ, பிடித்துக்கொண்டேன். பார்க்கிறேன்.

இப்படித் தேம்பினால் மூச்சு முட்டும். தண்ணீர் வேண்டுமா? செம்பில் இருக்கிறது... வேண்டாமா? ஏன் இப்படிப் பின்னால் நகர்கிறீர்கள்? நாற்காலி விழுந்துவிடும்.

ஒரு செய்தி சொல்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்லமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில். எனக்கு இன்று காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே கூப்பிட்டு என்ன கேட்பார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "உங்களால் ஆறுதல் அடைந்த ஒருவரையாவது காட்டுங்கள்" என்று கேட்டால்? வார்டுகளில் போய்த் தேடிப் பார்த்தேன், யாரையாவது அழைத்துவரலாம் என்று. நான் பழகிய நோயாளிகள் எல்லாரும் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார்கள். நல்லபடியாகப் போனவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை, அது இயற்கை. எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒருவர், ஒரே ஒருவர், உள்ளே வந்து, "இந்த அம்மா எனக்குத் துணையாக இருந்தார்" என்று சொன்னால் போதும். நீங்கள் சொல்வீர்களா? இவ்வளவு நேரம் உங்களுக்காக இருந்திருக்கிறேனே?

தலையை ஆட்டுகிறீர்கள். ஆம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தியேட்டர் கதவு திறக்கிறது. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். சிஸ்டர் ஃபிலோமினாதான். வாருங்கள், சிஸ்டர். இந்த அம்மாளை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஐயோ மேடம், நீங்க இங்கயா உக்காந்திருக்கீங்க! ஏம்மா, அழாதம்மா, இங்க பாரு. உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்ல. ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. கண்ணு முழிச்சுட்டாரு. 'என் செருப்ப யாரு எடுத்தா'ன்னு கேக்கறாரு. மேடம் உனக்காக வரலம்மா, அவங்க மீட்டிங்குக்கு வந்திருக்காங்க!"

கேட்டீர்களா அம்மா? நல்ல செய்தி. என்ன இது, அழுகிறீர்களா, சிரிக்கிறீர்களா? இரண்டும் சேர்ந்து வருகிறதா? மேல்மூச்சு வாங்குகிறதே. சிஸ்டர், பார்த்தீர்களா, நான் அமர்ந்த இடத்தில் ஒருவர் சிரித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்கிறார். இதைத்தான் உள்ளே சொல்லப் போகிறேன். சிரிப்பை நிறுத்திவிடாதீர்கள். அப்படியே வைத்திருங்கள்.

மறுபடியும் யாருக்குப் போன்? அண்ணனுக்கா? "வேண்டாமுங்ணா, திரும்பிப் போயிருங்ணா" என்கிறீர்கள். அவர் கேட்கிற நிலையில் இல்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். இல்லை, இரைச்சல் போனில் இல்லை. படிக்கட்டில்தான். யாரோ கும்பலாக ஏறி வருகிறார்கள்.

எத்தனை பேர்! ஓ, இவர்கள் எல்லாரும் உங்கள் உறவா? பெண்கள் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஓலமிட்டபடி வருகிறார்கள். ஒருவர் தரையில் விழுந்து புரளுகிறார். முன்னால் வருகிறவர் உங்கள் அண்ணனா? அவர் கையில் இருப்பது... மாலையா அது? சம்பங்கி மாலை. ஆளுயரத்துக்கு இருக்கிறது.

அம்மா. நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

போன் செய்தவுடனேயே சொல்லிவிட்டீர்களா அவர்களிடம், நான் யார், எப்படிப்பட்டவள் என்று? உங்கள் கணவர் நல்லபடியாக இருக்கிறார். அவருக்கு மாலை தேவையில்லை. அப்படியென்றால் இவ்வளவு பெரிய மாலை வேறு யாருக்காக இருக்க முடியும்? இதற்காகவா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அழுதுகொண்டே இருந்தீர்கள்? நான் உங்களைச் சாதாரணமாக எண்ணிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதோ, தேக்குக் கதவின் தாழ்ப்பாள் சத்தம். ஓலம் கேட்டு அவர்களே வெளியே வருகிறார்கள். டாக்டர் இளம்பரிதி முன்னால் நிற்கிறார். பின்னால் குழுவினர் எல்லாரும். ஒருவர் கையில் முறுக்கு அப்படியே நிற்கிறது. பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும். ஆறுதல் அடைந்தவர் ஒருவரையாவது காட்டு என்று இனி யார் கேட்பார்கள்?

உங்கள் பெயர் என்ன அம்மா? உள்ளே அறிமுகப்படுத்த வேண்டுமே. இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம், கேட்கவே மறந்துவிட்டேன்.

சரி, அது பிறகு ஆகட்டும். உங்கள் அண்ணன் ஏன் அப்படியே திகைத்து நின்றுவிட்டார்? கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதோ, நான் குனிந்துகொள்கிறேன். போடச் சொல்லுங்கள். பெண்களிடம் அழுகையை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.